தப்பு வராத விரல்கள்

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நாடக மன்றத்துக்குள் மூடுபனி வந்து, காலி நாற்காலிகளில் ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அப்போது பியானோவுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. தூக்கத்தில் யாரோ புரண்டு படுத்து முனகினாற்போல.

பியானோ முன்னால் ஒருவரும் இல்லை.

அமலி மேடையில் துள்ளியெழுந்து திரைக்குப் பின்னால் ஓடினாள். அங்கே கூடைக்குள் அவள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது. இருந்தும் மனசு கேட்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டே திரும்பி வந்தாள்.

"டீச்சர், அதுக்குள்ள யாரோ இருக்காங்க."

லோசனி மேடை விளிம்பில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"பனி இருக்கு. ஈரத்துல மரம் ஊதிப் பெருசாகும். ஊதினா முனகும். நீ மாசமா இருந்தப்ப முனகலையா?"

விளக்குப் போடும் சூசை ஏணிமேலிருந்து சிரித்தார்.

அமலி சிரிக்கவில்லை.

"டீச்சர், எனக்குத் தப்பா வாசிக்க வரலை," என்றாள்.

அமலியும் லோசனியும் ஒரே கான்வென்ட்டில், ஒரே பியானோவில் படித்தவர்கள். சிஸ்டர் பெனடிக்டா பிள்ளைகளின் புறங்கையில் அழிரப்பரை வைப்பார். பாட்டு முடியும்வரை அது விழக்கூடாது. விழுந்தால் ஸ்கேல் பேசும். அமலியின் ரப்பர் விழுந்ததே இல்லை. லோசனியின் ரப்பர் ஒருமுறை ஜன்னல் வழியே போய்த் தோட்டக்காரர் தலையில் விழுந்தது.

இப்போது அந்த மலையூரே லோசனியை டீச்சர் என்கிறது. அவள் போடும் நாடகத்துக்குப் போனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டும்.

நாளை மாலை புது நாடகம். பியானோ படித்தே வளரும் ஒரு சின்னப்பெண்ணின் கதை. சின்னப்பெண்ணாக அமலி. சீமையிலிருந்து வந்த பரீட்சைக்காரர் முன்னால் அவள் விரல் சறுக்கும். ஊர் சிரிக்க வேண்டும். அதுதான் நாடகத்தின் உயிர்.

"இன்னைக்கும் சிரிப்பு வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன். கோவிச்சுக்காதே," என்று லோசனி வந்ததுமே சொல்லிவிட்டாள்.

பிள்ளை பெற்றபிறகு அமலி தனக்கென்று கேட்டது இந்த வேஷம் ஒன்றைத்தான். மாமியாரிடம் கேட்டாள். கணவனிடம் கேட்டாள். எல்லாவற்றையும்விட, பயந்து பயந்து தன்னிடமே கேட்டாள்.

"வாசி," என்றாள் லோசனி.

அமலி கூடையைப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசித்தாள். முதுகு நேர். மணிக்கட்டு நேர். சறுக்க வேண்டிய இடத்தில், சறுக்க வேண்டிய பியானோக் கட்டையில், சுண்டுவிரல் போய் விழுந்தது. பாட்டு மேலே போனது.

"சூசை அண்ணே, எப்படி?"

"தங்கச்சி நல்லா வாசிக்குது. தப்பு எப்ப வரும்?"

"வந்துட்டுப் போயிடுச்சு."

"அப்படியா? முன்னாடியே சொல்லியிருந்தா பார்த்திருப்பேனே."

லோசனி ஒரு கடலையை வாயில் போட்டாள்.

"எங்க பழகினே இதை?"

"வீட்ல. பாப்பா தூங்கும்போது. சமையல் மேடைமேல விரலை வச்சு, சத்தம் வராம."

"தப்பையா?"

"தப்பைத்தான். ஒரு தடவைகூடப் பிசகலை."

"கேட்டீங்களா அண்ணே? பிசகலையாம்."

சூசை ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அமலிக்குக் கண் கலங்கியது. கலங்கியதும், அவளுக்கு டீச்சர் பழைய லோசனியாகிவிட்டாள்.

"நக்கல் பண்ணாதேடி. நீ அப்ப எப்படி அவ்வளவு தப்பா வாசிச்சே? அதைச் சொல்லு."

"நானா? உயிரைக் கொடுத்துச் சரியா வாசிச்சேன்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

அமலி அவள் முகத்தையே பார்த்தாள். அதற்குமேல் அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

லோசனி எழுந்து வந்தாள். பியானோமேல் விரித்திருந்த இசைத்தாளை எடுத்தாள். கடலைத் தோலையெல்லாம் அதில் கொட்டிப் பொட்டலம் மடித்தாள்.

"ஐயோ, அது பரீட்சைப் பாட்டு!"

"பாப்பாவைத் தூங்க வைக்க என்ன பாடுவே?"

"அது பாட்டே இல்லை. வாய்க்கு வந்தது. சும்மா ம்ம்... ம்ம்னு."

"அதை வாசி."

"அது எந்தத் தாள்லயும் இல்லையே."

"இருக்குன்னு யாரு சொன்னா?"

அமலி கையை எடுத்துக் கட்டைமேல் வைத்தாள். எடுத்தாள். திரும்ப வைத்தாள்.

ஒன்றை அழுத்தினாள். அது இல்லை.

பக்கத்துக் கட்டை. அதுவும் இல்லை. ஆனால் அது இருக்கும் தெரு அதுதான் என்று தோன்றியது.

வாய்க்குள் முனகிப் பார்த்தாள். பனி கட்டைகள்மேல் இறங்கி, எது வெள்ளை எது கறுப்பு என்று தெரியாமல் அடித்தது. விரல்கள் பனிக்குள் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டிவிட்டு வந்தன. முதுகு வளைந்தது. ஒரு முழங்கை வெளியே நீட்டிக்கொண்டது. கழன்று விழுந்த திருகாணியைத் தேடுகிறவள் மாதிரி முகம் கட்டைகளுக்குக் கிட்டே போனது. நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்த்தது.

ஒரு கட்டை நாராசமாய்க் கத்தியது. சூடான பாத்திரத்தைத் தொட்டவள்போல விரலை இழுத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோ," என்றாள், கட்டையைப் பார்த்து.

ஏணி ஆடியது. சூசை சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து இருமி, ஒவ்வொரு படியாக இறங்கி, தரையில் உட்கார்ந்து சிரித்தார். லோசனி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அமலி நிமிரவில்லை.

"இதேதான்டி! நாளைக்கு இதே மாதிரி தேடு, போதும். ஊரு சிரிச்சே செத்துடும்."

"உஷ்."

"என்னது?"

"பாட்டு கிட்ட வந்துடுச்சு. பேசாதே."

கூடைக்குள் குழந்தை கண்ணைத் திறந்து கிடந்தது. அழவில்லை.

"இன்னொரு தடவை ஒத்திகை பார்த்துடலாம். அண்ணே, அந்தப் பெரிய விளக்கைப் போடுங்க."

"நாடகம் நாளைக்குத்தானே," என்றாள் அமலி. "ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியே இருங்க."

"என்னையா போகச் சொல்றே? மன்றத்துச் சாவி என்கிட்டதான் இருக்கு, தெரியுமில்ல?"

"பத்திரமா வச்சுக்கோ."

சூசை பீடிக்கட்டைத் தேடிக்கொண்டு வெளியே போனார். லோசனியும் பின்னாலேயே போனாள். பனி இருவரையும் வாங்கிக்கொண்டது.

அமலி மறுபடி முனகினாள். விரல் நகர்ந்தது.

கதவு கிறீச்சிட்டது. லோசனி தலையை மட்டும் உள்ளே நீட்டினாள். குரல் அவளுடையது இல்லை, சிஸ்டர் பெனடிக்டாவுடையது.

"என்ன பாட்டு அது, அமலி?"

அமலியின் முதுகு தானாக நிமிர்ந்தது. மணிக்கட்டு உயர்ந்தது. புறங்கை, ரப்பரைத் தாங்கினாற்போல அசையாமல் நின்றது.

கான்வென்ட்டில் பியானோ அறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது.

இந்தக் கதவுக்கு இருந்தது. துருவேறி, யாரும் தொடாமல்.

அமலி எழுந்து வந்தாள். அந்தத் தலையின் நெற்றியில் உள்ளங்கையை வைத்து, மெல்ல வெளியே தள்ளினாள். கதவைச் சாத்தினாள்.

பிறகு இரண்டு கையாலும் இழுத்துத் தாழ்ப்பாளைப் போட்டாள்.