காலையில் எடுத்த ரத்தம்

தாலுகா ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ஜமீலாவிடம் ஆபரேஷன் கற்றுக்கொள்ள வந்தவர் கதிரேசன். ஒரு நாள் சாயங்காலம் கையில் ரிப்போர்ட்டோடு வந்து நின்றார்.

"மேடம், எட்டாம் பெட் பாப்பாவுக்கு வயித்து வலி. குடல்வாலோன்னு நினைச்சேன். ரத்தத்துல வெள்ளை அணுவும் ஏறலை, வீக்கத்தைக் காட்டுற சி.ஆர்.பி.யும் ஏறலை. வீட்டுக்கு அனுப்பிரட்டுமா?"

"வலி எப்போ ஆரம்பிச்சுது?"

"நேத்து காலையில. குடல்வால் வீங்கியிருந்தா இந்நேரம் ரத்தம் காட்டிக் குடுத்திருக்கும்."

"நல்லாத்தான் படிச்சிருக்கீங்க" என்று ஜமீலா எழுந்து வார்டுக்கு நடந்தார்.

எட்டு வயசு தர்ஷிகா காலை மடக்கிப் படுத்திருந்தாள்.

"கீழே இறங்கி ஒரு குதி குதி கண்ணு, பாப்போம்."

இறங்கினாள். வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நீங்க குதிங்க" என்றாள்.

ஜமீலா சிரித்தார். பிறகு அவள் அம்மா இசக்கியம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"பிள்ளை நேத்து பள்ளிக்கூடம் போச்சாம்மா?"

"போனா."

"வந்து?"

"தெருவுல கட்டம் போட்டுப் பாண்டி ஆடினா."

"ராத்திரி?"

"மூணு தோசை தின்னா."

"அப்போ வலி எப்போம்மா வந்துச்சு?"

இசக்கியம்மாள் தலை குனிந்துகொண்டாள். "இன்னைக்கு விடியக்காலம் அஞ்சு மணிக்கு, டாக்டரம்மா. இப்பத்தான் வந்துச்சுன்னா மாத்திரையக் குடுத்து அனுப்பிருவாங்கன்னு ஒரு அக்கா சொன்னாங்க. அதான் நேத்துன்னு சொல்லிட்டேன். பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதே?"

"ஆகாது. நான் இருக்கேன்."

கதிரேசன் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "ரத்தம் எடுத்தது காலை ஏழு மணிக்கு, மேடம். வலி வந்து ரெண்டே மணி நேரத்துல அது ஏறியிருக்காது."

"இப்போ ஒருதரம் எடுங்க. ஸ்கேனுக்கும் சொல்லுங்க."

ஒரு மணி நேரத்தில் புது ரிப்போர்ட் வந்தது. வெள்ளை அணு ஏறியிருந்தது. சி.ஆர்.பி.யும் ஏறியிருந்தது. ஸ்கேனில் குடல்வால் விரல் தடிமனுக்கு வீங்கித் தெரிந்தது. அது வெடிக்கும் முன்பே ஜமீலா வெட்டி எடுத்துவிட்டார்.

வெளியே வந்து "பிள்ளை நல்லாருக்கா" என்றதும் இசக்கியம்மாள் சேலை முந்தியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கை கழுவும் இடத்தில் கதிரேசன் மெதுவாகச் சொன்னார். "அந்தம்மா வலி வந்த நாளை மாத்திச் சொன்னதாலதான் மேடம், ரிப்போர்ட் என்னை ஏமாத்திருச்சு."

ஜமீலா குழாயை மூடினார்.

"ரிப்போர்ட் காலையில இருந்ததைக் காலையில சொல்லிட்டுது. சாயங்காலம் அனுப்பட்டுமான்னு வந்து கேட்டீங்களே, அதுக்கு முன்னால அந்தப் பிள்ளைகிட்ட என்ன கேட்டீங்க?"