பாப்பாவுக்கு ரெண்டு பேர்

மாவந்தாங்கல் ஆட்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். பஸ்ஸில் 'படிக்கட்டில் நிற்காதீர்கள்' என்று எழுதிப் போட்ட நாளிலிருந்து அவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்துதான் போய் வருகிறார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து நாலு பேரை எட்வின் வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார். அவருடைய நேரம் அப்படி.

எட்வின் சிங்கப்பூர்க்காரர். அந்தப் பக்கம் புதிதாக வந்த ஷூ கம்பெனியில் மேனேஜர். இங்கிலீஷ் தவிர வேறு பாஷை அவருக்கு ஓடாது. அவர் மனைவி மெய்லின் தைவான்காரர், அதே கம்பெனியில் டிசைன் பார்க்கிறவர். அவருக்குத் தாய்மொழி சீனம். கம்பெனிப் பெண்களோடு பேசிப் பேசி, சின்னச் சின்ன வாக்கியமாகத் தமிழும் பிடித்துவைத்திருந்தார்.

இவர்களுக்கு ரெண்டு வயசில் ஒரு பெண் குழந்தை. அந்த வயசுப் பிள்ளைகள் ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேச ஆரம்பித்துவிடும். இது சேர்க்கவில்லை. இங்கிலீஷில் ஒரு சொல் சொல்லும், கொஞ்சம் கழித்துச் சீனத்தில் ஒரு சொல் சொல்லும், அதோடு சரி. மெய்லினுக்கு இதே கவலை. டாக்டரைக் கேட்டதற்கு, அப்பா இங்கிலீஷிலேயே பேசட்டும், அம்மா சீனத்திலேயே பேசட்டும், ரெண்டையும் கலக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

வேலைக்கு வந்த நாலு பேரும் கூடப்பிறந்தவர்கள். மூத்தவர் ஏகாம்பரம், சமையல். அடுத்தவர் துளசிங்கம், கார் ஓட்டுகிறவர். மூன்றாவது கன்னியப்பன், தோட்டம். கடைக்குட்டி அஞ்சலாட்சி, பாப்பாவைப் பார்த்துக்கொள்ள.

முதல் நாளே மெய்லின் நாலு பேரையும் நிறுத்தித் தெளிவாகச் சொல்லிவிட்டார். "பாப்பாவுக்கு ரெண்டு பேர். அப்பா கூப்பிடுறது க்ரேஸ். நான் கூப்பிடுறது ஆன்ஆன். க்ரேஸ் இங்கிலீஷ். ஆன்ஆன் சீனம். கலக்கக் கூடாது."

சொல்லிவிட்டு அவர் கம்பெனிக்குப் போய்விட்டார். இவர்கள் சமையல்கட்டில் கூடினார்கள்.

"அம்மா ரெண்டு பேர்னு சொன்னாங்க, நான் ஒண்ணைத்தாண்ணா பாத்தேன்" என்றாள் அஞ்சலாட்சி.

ஏகாம்பரம் துவரம் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே யோசித்தார். "எப்படிம்மா பாப்பே? கலக்கக் கூடாதுன்னு தனித்தனியா வளக்கிறாங்க. ஒண்ணு வெளியில இருந்தா ஒண்ணு உள்ள இருக்கும்."

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்குமா?"

"அதனாலதானே கலந்துடப் போகுதுன்னு பயப்படுறாங்க."

இதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. ரெண்டு நாளில் அத்தாட்சியும் கிடைத்தது. பசித்தால் குழந்தை சில சமயம் "மில்க்" என்று கேட்டது. சில சமயம் "நெய்நெய்" என்று கேட்டது. சீனக் குழந்தைகள் பாலை அப்படித்தான் கேட்கும். ஏகாம்பரத்துக்கு அது எங்கே தெரியும்? பால் கேட்பது க்ரேஸ், நெய் கேட்பது ஆன்ஆன் என்று அவர் பிரித்துக்கொண்டார். நெய்யை உருக்கி டம்ளரில் கொடுத்தார். குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை அவர் வேட்டியில் துப்பியது. ஆன்ஆனுக்கு நெய் சூடாக இருந்தால் பிடிக்காது என்று அதையும் மனசில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எல்லாம் ரெண்டு ரெண்டாக நடந்தது. ரெண்டு தட்டு, ரெண்டு பாய், ரெண்டு துண்டு. பதினொரு மணிக்கு க்ரேஸுக்குச் சோறு ஊட்டி வாய் துடைத்துவிட்டு, பதினொன்றரைக்கு அதே குழந்தையை உட்காரவைத்து ஆன்ஆனுக்கு ஊட்டினாள் அஞ்சலாட்சி. க்ரேஸ் சமர்த்தாகச் சாப்பிடுகிறது, ஆன்ஆன்தான் ரொம்ப அடம் என்று வருத்தப்பட்டாள். குளியலும் ரெண்டு தடவை. குழந்தைக்குச் சளி பிடித்தது. அது க்ரேஸுக்கு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, ஆன்ஆனின் பாயைத் தள்ளிப் போட்டார்கள்.

துளசிங்கத்தைப் பார்த்தால் குழந்தை "ஷூஷூ" என்று கை நீட்டும். சீனத்தில் அது மாமாவைக் கூப்பிடுவதுபோல. அவர் ஓடிப்போய் ஷூ எடுத்துவந்து மாட்டிவிடுவார். குழந்தை மறுபடி "ஷூஷூ" என்னும். இன்னொரு ஜோடி வரும். கம்பெனி மேனேஜர் பிள்ளை வேறெதைக் கேட்கும் என்று துளசிங்கம் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. கன்னியப்பனிடம் அது "பாவ்பாவ்" என்று சொல்லிக்கொண்டு போகும். சீனத்தில் தூக்கிக்கொள் என்று அர்த்தம். தன்னைப் பார்த்து "பாவம் பாவம்" என்கிறது என்று நினைத்த கன்னியப்பன், இந்த வீட்டில் என் கஷ்டம் தெரிந்த ஒரே ஜீவன் இந்த ஆன்ஆன்தான் என்று கண் கலங்குவார்.

இப்படி ஒரு மாதம் ஓடியது. ஒருநாள் கணவனும் மனைவியும் சென்னைக்குப் போகவேண்டி வந்தது. கம்பெனி வேன் வந்து நின்றது. ஏறும்போது மெய்லின், "ஆன்ஆன் பத்திரம்" என்றார். எட்வின் தன் பங்குக்கு இங்கிலீஷில் க்ரேஸைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். துளசிங்கத்துக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும். ஆக, ரெண்டு குழந்தைகள் தங்கள் பொறுப்பில் விடப்பட்டிருக்கின்றன என்று அவர் மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னார்.

ஏகாம்பரம் அப்போதுதான் கணக்குப் பார்த்தார். ஒருத்தி இதோ கூடத்தில் விளையாடுகிறாள். இன்னொருத்தி எங்கே?

குழந்தையைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்தார்கள். இது எது என்று முதலில் தெரியவேண்டும். கொஞ்ச நேரம் கழித்து குழந்தை "நெய்நெய்" என்றது. ஆக, இது ஆன்ஆன். க்ரேஸைக் காணோம்.

அஞ்சலாட்சி அழத் தொடங்கினாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். பரணில் பார்த்தார்கள். அரிசி மூட்டையைக் கொட்டிப் பார்த்தார்கள். கன்னியப்பன் தோட்டத்துக்கு ஓடினார். அவர் பின்னாலேயே குழந்தையும் ஓடி, செம்பருத்திச் செடி பக்கத்தில் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து "மில்க்" என்றது.

கன்னியப்பன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "க்ரேஸ் கிடைச்சிட்டாண்ணா."

எல்லாரும் ஆண்டவனுக்கு நன்றி சொன்னார்கள். பிறகு ஏகாம்பரம் சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஆன்ஆன் எங்கடா?" என்று கேட்டார்.

ஒருத்தியைத் தேடப் போன நேரத்தில் இன்னொருத்தியைத் தொலைத்துவிட்டோம் என்று புரிந்தது. இனிமேல் இப்படி நடக்கக் கூடாது என்று ஏற்பாடு செய்தார்கள். ஏகாம்பரமும் அஞ்சலாட்சியும் க்ரேஸைக் கைவிடாமல் பிடித்துக்கொள்வது, மற்ற ரெண்டு பேரும் ஆன்ஆனைத் தேடுவது. இறுக்கிப் பிடித்ததில் குழந்தைக்கு மூச்சுமுட்டியது. திமிறிக்கொண்டு ஓடி கன்னியப்பனின் காலைக் கட்டிக்கொண்டு "பாவ்பாவ்" என்றது. ஆன்ஆன் வந்துவிட்டாள். பிடித்துவைத்திருந்த க்ரேஸ் தப்பிவிட்டாள்.

"ஒரு குழந்தையைப் பிடிச்சுவைக்கத் துப்பில்லையாண்ணா உங்களுக்கு?" என்று கன்னியப்பன் கேட்டார். ஏகாம்பரம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பெற்றவர்கள் வந்து கேட்டால் என்ன சொல்வது? ஒரு மாதமாக மடியில் போட்டு வளர்த்த பிள்ளை. நெய் கேட்காத நல்ல பிள்ளை.

துளசிங்கத்துக்குத்தான் அந்த யோசனை வந்தது. மாவந்தாங்கல் கோயிலில் மைக் செட் இருக்கிறது. போய் அறிவித்தார். "குழந்தை ஒன்று காணவில்லை. குழந்தை யார் கண்ணில் பட்டாலும் உடனே தூக்கிக்கொண்டு ஷூ கம்பெனி மேனேஜர் வீட்டுக்கு வரவும்."

மாவந்தாங்கலில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக்குள் பார்த்தார்கள். குழந்தை கண்ணில் பட்டது. தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

மூன்று மணிக்குள் தோட்டத்தில் நாற்பத்தொரு குழந்தைகள் சேர்ந்துவிட்டன. கைக்குழந்தை, நடைக்குழந்தை, பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கி வந்தது எல்லாம் இருந்தன. மண்ணாங்கட்டி என்பவர் மீசை முளைத்த மகனைத் தோளில் சுமந்து வந்திருந்தார். எங்களுக்கு இவன் என்றைக்கும் குழந்தைதான் என்று அவர் சொன்னதால் உள்ளே விட்டார்கள். ஏகாம்பரம் வரிசையாகச் சோதித்தார். பால் கேட்பது எது, நெய் கேட்பது எது என்று பார்ப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் முதல் குழந்தைக்கு நெய் கொடுத்ததைப் பார்த்து மற்ற நாற்பதும் நெய் கேட்டன. மீசைக்காரன் ரெண்டு டம்ளர் கேட்டான்.

வெயில் தாழ வேன் வந்து நின்றது. மெய்லின் இறங்கினார். கூட்டத்தைப் பார்த்ததும் ஓட்டமாக வந்தார். ஏகாம்பரம் கும்பிட்டபடி முன்னால் வந்து, ஒரு பாப்பா தொலைந்துவிட்டது, எந்தப் பாப்பா என்று சொல்ல முடியவில்லை, மணிக்கு ஒருதரம் மாறுகிறது என்றார்.

மெய்லினுக்குத் தமிழ் மறந்துபோனது. கணவனிடம் இங்கிலீஷில் அலறினார். எட்வின் கூட்டத்துக்குள் பாய்ந்தார். நாற்பத்தொரு குழந்தைகளுக்கு நடுவில் மூக்கு ஒழுகிக்கொண்டு, ஜோடி சேராத ஷூ போட்டுக்கொண்டு நின்றிருந்த அவர் பெண் அவரைப் பார்த்தது. ரெண்டு கையையும் தூக்கியது.

"டாடி, பாவ்பாவ்."

எட்வின் அப்படியே நின்றுவிட்டார். மெய்லின் வாயைப் பொத்திக்கொண்டார். ரெண்டு வருஷம் காத்திருந்து கேட்ட முதல் வாக்கியம். ஒரு சொல் அவருடையது, ஒரு சொல் இவருடையது. கலக்கக் கூடாது என்பதெல்லாம் யாருக்கும் ஞாபகம் இல்லை. ரெண்டு பேரும் குழந்தையைக் கட்டிக்கொண்டு மாறி மாறி அழுதார்கள், சிரித்தார்கள்.

அஞ்சலாட்சி அண்ணன் பக்கம் குனிந்து, "ரெண்டும் ஒரே நேரத்துல வந்துடுச்சுண்ணா" என்றாள்.

"ம். ஒரே வாயில" என்றார் ஏகாம்பரம் நிம்மதியாக.

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்ட பிறகுதான் மெய்லின் மற்ற குழந்தைகளைக் கவனித்தார். பாதி அழுதுகொண்டிருந்தது, பாதி நெய்யில் வழுக்கிக்கொண்டிருந்தது. தனக்குத் தெரிந்த தமிழைத் திரட்டி அவர் சொன்னார். "எல்லாரும் வீட்டுக்குப் போங்க. ஆளுக்கு ஒரு குழந்தையைத் தூக்கிட்டுப் போங்க."

மாவந்தாங்கல் சொன்னதைச் செய்தது. யாரும் தள்ளுமுள்ளு பண்ணவில்லை. பக்கத்தில் எது இருந்ததோ அதை ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஏகாம்பரமும் துளசிங்கமும் அஞ்சலாட்சியும்கூட ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினார்கள். கன்னியப்பனுக்கு மீசைக்காரன்தான் மிஞ்சினான். அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டே போனார்.

தோட்டம் காலியானது. மூன்று தாய்மாரும் மண்ணாங்கட்டியும் மட்டும் வெறுங்கையோடு வரிசையில் நின்றிருந்தார்கள். முன்னால் நின்ற பெண் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மெய்லினிடம் பணிவாகக் கேட்டாள்.

"தீர்ந்துபோச்சுங்களா? நாளைக்கு எத்தனை மணிக்கு வந்தா கிடைக்கும்?"