மார்ச் ஏழாம் தேதிப் பேச்சு

குதிரைவண்டிக் காலத்து அமெரிக்காவில் பிராட்வெல் என்றொரு பெரிய வக்கீல். வாஷிங்டன் சபையில் உறுப்பினர் வேறு. மார்ச் ஏழாம் தேதி, வாஷிங்டனிலிருந்து இரண்டு நாள் வண்டித் தொலைவிலிருந்த தன் வீட்டில் சமையல்காரி டார்க்கஸ் வெள்ளிக் கெண்டியைத் திருடியதைக் கண்ணால் பார்த்ததாகக் கோர்ட்டில் சத்தியம் செய்தார்.

"எனக்குச் சாட்சி யாருமில்லை, எசமான்," என்றாள் டார்க்கஸ் நீதிபதியிடம். "ஆனால் அன்றைக்கு வாஷிங்டனில் மூன்று மணி நேரம் பேசியதாக ஐயாவே அச்சடித்து ஊர் முழுக்க அனுப்பினாரே."

பிராட்வெல் அந்தப் பேச்சைப் பேசவேயில்லை. பேசாத பேச்சை அச்சடித்து அனுப்புவது சபைக்காரர்கள் வழக்கம். ஓட்டுப் போட்டவர்களுக்கு அது தெரியாது.

ஜூரித் தலைவர் தன் மதியச் சாப்பாட்டு ரொட்டியைப் பிரித்தார். சுற்றியிருந்த தாளில் அதே பேச்சு, அதே தேதி.

"இரண்டில் எது பொய், வக்கீல் ஐயா?" என்றார் நீதிபதி.

இரண்டுமே பொய். அதை எந்த வாயால் சொல்வார்?