இரண்டாவது கிளவுஸ்

"எல்லாருக்கும் சொல்லிடட்டுமா மாஸ்டர்? இல்ல, இந்த ஹாலை விட்டே போயிடட்டுமா?"

ரூபன் வந்ததும் வராததுமாகக் கேட்டான். தோளில் இருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. மற்றவர்கள் தள்ளி ரிங் பக்கம் பயிற்சியில் இருந்தார்கள்.

பிலோமினா மாஸ்டர் குத்திப் பழகும் மூட்டை ஒன்றின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் மாநிலம் முழுக்கச் சுற்றி அடித்துவிட்டு வந்த பாக்ஸர். ரூபனைவிட இரண்டே வயது மூத்தவர். ஆனாலும் ராயபுரத்து பாக்ஸிங் ஹாலில் யாரும் அவரை அக்கா என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டுப் பார்க்க ஒருவருக்கும் தைரியம் வந்ததில்லை.

"என்னத்த சொல்லப் போற?"

"ஊசி விஷயத்த."

மாஸ்டர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

ஊசி விஷயம் ஹால் முழுக்கத் தெரிந்ததுதான். போன வாரம் ரூபனின் பையிலிருந்து ஒரு காலி மருந்துக் குப்பி விழுந்தது. அதை சம்பத் எடுத்தான். வேறு யார் எடுத்திருந்தாலும் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும். சம்பத் மெடிக்கல் ஷாப்புக்குக் கொண்டுபோனான். ஆண்களுக்குப் போடுகிற ஹார்மோன் ஊசி என்று கடைக்காரர் சொன்னார்.

அவ்வளவுதான், தீ பற்றிக்கொண்டது.

"அதான பாத்தேன்! இருபத்தொம்பது வயசுல எங்கேர்ந்துடா வருது இந்த அடி?" என்றான் சம்பத், ஹாலுக்கே கேட்கிற மாதிரி.

என்ன ஊசி, எத்தனை நாளாகப் போடுகிறாய், யார் வாங்கிக் கொடுத்தது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கேட்காதவர்கள் சிரித்தார்கள். ரூபன் யாரையும் பார்க்காமல், ஊசி போட்ட இடுப்பைக் கையால் தாங்கியபடி போய்த் துணி மாற்றிக்கொண்டு வெளியேறினான்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பை முழுக்க ஈரம். உள்ளே கட்டம் போட்ட துணி ஒன்று சொட்டச் சொட்டக் கிடந்தது. எவனோ வேண்டுமென்றே தண்ணீர் ஊற்றியிருக்கிறான் என்று நினைத்தான். அந்த எவனோவையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் படுத்தான்.

அன்றிலிருந்து ரிங்கில் அவனோடு மோத ஒருவரும் இறங்கவில்லை. மாநிலப் போட்டியோ நெருங்கிவிட்டது. திருப்பி அடிக்க ஆள் இல்லாமல் மூட்டையை மட்டும் குத்திக்கொண்டிருந்தால், மூட்டையைத்தான் ஜெயிக்கலாம்.

"சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிட்டியா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"ஆபரேஷன் பண்ண டாக்டருக்குத் தெரியும். போட்டி நடத்துறாங்களே, அவங்க டாக்டருங்களுக்கும் தெரியும். ரத்தம் எடுத்துப் பாத்துட்டுத்தான அனுமதியே குடுத்தாங்க. உங்களுக்குந்தான் தெரியுமே."

"எனக்கு என்ன தெரியும்? ரூபன் ரிங்ல ஏறலாம்னாங்க. சரின்னேன். ஏன் எதுக்குன்னு நான் கேக்கல. அவங்களும் சொல்லல."

மாஸ்டருக்குத் தெரியும் என்றுதான் ரூபன் இத்தனை நாளும் நினைத்திருந்தான். தெரிந்தும் மற்றவர்களைப் போலவே தன்னையும் பயிற்சியில் போட்டு விரட்டுகிறார் என்று அதில் ஒரு ஆறுதல்கூட இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் அவனுக்கு வந்தது விதைப்பையில் புற்றுநோய். முதலில் ஒரு விதையை எடுத்தார்கள். பிறகு இன்னொன்றிலும் வந்தது, அதையும் எடுத்தார்கள். உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை இனிமேல் ஊசியில்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். மற்ற ஆண்களுக்கு இருக்கிற அளவுதான், அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது.

அம்பத்தூரில் இருக்கும் அக்காவிடம் சின்னக் குடலிறக்கம், வர வேண்டாம் என்று சொல்லிவைத்தான். "கூட யாருப்பா இருக்கா?" என்று நர்ஸ் கேட்டபோது, "வருவாங்க" என்றான். மறுநாளும் கேட்டார். மறுநாளும் அதையே சொன்னான். மூன்றாம் நாள் அந்த அம்மா கேட்கவில்லை, தன் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் அழுதான்.

"என்னால முடியல மாஸ்டர். இப்பவே ரிங் மேல ஏறி எல்லாத்தையும் சொல்லிடறேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். அது முடியலன்னா இப்படியே வீட்டுக்குப் போறேன். இனிமே வரல."

மாஸ்டர் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். பழைய கயிறு கிளவுஸ் ஒரு ஜோடியை எடுத்துவந்து அவன் முன்னால் போட்டார். இப்போதெல்லாம் எல்லோரும் ஒட்டிக்கொள்கிற பட்டை வைத்த கிளவுஸ்தான் போடுகிறார்கள். இது ஷூவைப் போலக் கயிறு கோத்துக் கட்டுவது.

"ரெண்டையும் மாட்டிக்கிட்டு ரிங் மேல ஏறு. ஏறினப்புறம் உன் இஷ்டம், என்ன வேணா சொல்லு."

"இவ்ளோதானா?"

"யாரையும் கூப்பிடாத."

இடது கையை மாட்டுவது சுலபமாக இருந்தது. வலது கையாலும் பல்லாலும் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான்.

வலது கைக்கு வந்தபோதுதான் சிக்கல். கிளவுஸை முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு கையை உள்ளே திணித்தான். அது போய்விட்டது. கயிற்றைக் கட்ட விரல் இல்லை. இடது கை ஒரு பூசணிக்காயாகத்தான் இருந்தது. பல்லால் இழுத்தான், இறுகியது, விட்டதும் தளர்ந்தது. ஜன்னல் கம்பியில் மாட்டி இழுத்துப் பார்த்தான். வாயில் தோலின் கசப்பும் யாருடையதோ பழைய வியர்வையும்.

கோபத்தில், பக்கத்தில் தொங்கிய இன்னொரு மூட்டையை ஓங்கிக் குத்தினான். கிளவுஸ் கழன்று பறந்து சம்பத்தின் காலடியில் விழுந்தது.

ஹாலே சிரித்தது.

ரூபன் போய் அதைக் குனிந்து எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் திரும்பி வந்தான். முகம் சிவந்திருந்தது.

"முடியல."

"ஒண்ண மாட்டிட்டியே."

"ஒண்ணு மாட்டலாம். ரெண்டாவதுக்கு இன்னொருத்தர் கை வேணும்."

"எத்தன பேர் கை?"

ரூபன் கழன்ற கிளவுஸை அவரிடம் நீட்டினான்.

"நீங்களே கட்டி விடுங்க மாஸ்டர்."

"பாத்தா தெரியல? எனக்கு வேலை இருக்கு" என்று மறுபடி ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார்.

ரூபன் கையை மறுபடி உள்ளே திணித்துக்கொண்டு ஹாலின் நடுவில் நின்றான். கயிறு தரை வரைக்கும் தொங்கியது. அவன் பார்த்தவர்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். இவர்களில் யாரிடம் போவது? ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்த மாதிரி இருந்தது.

மூலையில் இஸ்மாயில் உட்கார்ந்திருந்தான். ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவன். அதிகம் பேசாத ஆள். புருவத்தில் அடி வாங்கிய ஒருவனுக்கு வைப்பதற்காக ஐஸ் துண்டைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான்.

கட்டம் போட்ட துணி.

ரூபன் அந்தத் துணியைப் பார்த்தபடியே நின்றான். பையில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. வலிக்கிற இடத்துக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று ஒருவன் ஐஸ் வைத்திருக்கிறான். அது இவன் பார்க்காமலேயே உருகிப் போயிருக்கிறது.

நேரே நடந்துபோய் இஸ்மாயில் முன்னால் கையை நீட்டினான்.

இஸ்மாயில் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கயிற்றை எடுத்தான். கீழிருந்து ஒவ்வொரு கண்ணியாக இழுத்துக்கொண்டு வந்தான். ஒன்றும் கேட்கவில்லை.

"இஸ்மாயில்."

"ம்."

"ஆஸ்பத்திரில எனக்கு யாருமே வரல."

இஸ்மாயிலின் விரல்கள் நின்றன. ரூபன் குனிந்து, அவன் காதோரம் மிச்சத்தைச் சொன்னான். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. இத்தனை வருஷம் சுமந்தது நாலு வாக்கியம்கூட வரவில்லை.

"ஊசி அளவெல்லாம் டாக்டருங்க பாத்துக்கறாங்களா?"

"மாசா மாசம் பாக்கறாங்க."

"அப்ப சரி." இஸ்மாயில் கடைசி முடிச்சைப் போட்டான். "எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லியிருந்தா வந்திருப்பேன். நீ சொல்லல."

ரூபனின் கண் நிறைந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம் என்றால் இரண்டு கையிலும் கிளவுஸ்.

இஸ்மாயில் எழுந்து, ரிங்கைக் காட்டி ரூபனுக்குத் தலையசைத்துவிட்டு அலமாரிக்குப் போனான். இன்னொரு ஜோடி கயிறு கிளவுஸை எடுத்தான். இடது கையைத் தானே மாட்டிக் கட்டிக்கொண்டான். வலது கையைத் திணித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றிருந்த சம்பத்தின் முன்னால் நீட்டினான்.

சம்பத் கயிற்றைப் பிடித்தான். கண் மட்டும் ரூபன் மேல் இருந்தது.

"டேய், என்னடா சொன்னான்?"

"இறுக்கிக் கட்டு" என்றான் இஸ்மாயில்.