பரோட்டா கையில பட்டை பிஸ்கட்

உக்காருங்கப்பா. ஏய் சேவியர், வாய்க்கு ஒரு பூட்டு போடு. டீ ஆறினா ஆறட்டும், கதை ஆறக்கூடாது.

நம்ம தெருமுனை பேக்கரில பிலோமினா மாஸ்டர் இருக்காங்கல்ல? பேசினா பல்லு தேஞ்சிரும்னு நினைக்கிற ஆளு. அவங்க போடுற பிஸ்கட் பேரு ஸ்னிக்கர்டூடுல். நான் சொன்னா தும்மற மாதிரி இருக்கும். தெருவுல அது பட்டை பிஸ்கட். காலைல டீக்கு அது, காய்ச்சல் விட்ட புள்ளைக்கு அது, பொண்ணு பாக்க வந்தாலும் தட்டுல அதுதான்.

அவங்ககிட்ட சிஷ்யனா சேந்தாரு வெள்ளைச்சாமி அண்ணன். அம்பது வயசு சிஷ்யன்! பேர் போன பரோட்டா மாஸ்டரு. தோள்பட்டை போயிருச்சு, இனி கல்லு முன்னாடி நிக்க முடியாது. இந்த வேலையும் போச்சுன்னா வீட்லதான் உக்காரணும்.

அன்னைக்கு அவர் தனியா போட்ட முதல் தட்டு. "சரியா வந்தா கடை முன்னாடி வைப்பேன்"னு மாஸ்டர் சொல்லிட்டாங்க. இவர் சும்மா இருப்பாரா? பரோட்டா கடை கூட்டாளிங்களை எல்லாம் வரச்சொல்லிட்டாரு. நெஞ்சு இப்படி, பாருங்க, சேவல் மாதிரி!

தட்டு வெளிய வந்துச்சு. மேல அழகா வெடிப்பு, பட்டை வாசம் தெருவையே இழுக்குது. அண்ணன் என்ன பண்ணாரு தெரியுமா? சூட்டோட நாலை எடுத்தாரு, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினாரு, ரெண்டு கையாலயும் ஓங்கி ஒரு அடி. பட்!

பரோட்டாவை அடிச்சு உதிர்ப்போம்ல, அதே அடி. ஒரு அடுக்கு நொறுங்கினது கண்ணுக்குத் தெரியறதுக்குள்ள அடுத்த நாலையும் அடுக்கி அடிச்சுட்டாரு. அந்தக் கை அவ்வளவு வேகம். தட்டு பூரா தூள்.

வாசல்ல கூட்டாளிங்க. "என்னண்ணே, சால்னா எங்க?"ன்னான் மயில்வாகனம். ஒரே சிரிப்பு.

அண்ணன் முகம் செத்துருச்சு.

"மாஸ்டர், இந்தக் கை கெடுத்துருச்சு. இதை எப்படி மறக்கறது?"

மாஸ்டர் மிச்ச மாவை அவர் பக்கம் நகத்தினாங்க.

"உருட்டுங்கண்ணே."

கிள்ளினாரு. உருட்டினாரு. சீனியும் பட்டைத்தூளும் கலந்ததுல புரட்டினாரு. யோசனை எங்கயோ இருக்கு, கை பரோட்டாவுக்கு உருண்டை பிடிக்கிற மாதிரி அது பாட்டுக்கு போகுது.

வெந்து வந்ததும் "ஆறட்டும்"னாங்க மாஸ்டர். அண்ணன் ரெண்டு கையையும் தொடைக்கு அடில போட்டு அமுக்கிக்கிட்டு உக்காந்துட்டாரு!

ஆறினதும் மாஸ்டரே தட்டைத் தூக்கிட்டுப் போய் கடை முன்னாடி வச்சாங்க. பக்கத்துல அவங்க போட்ட தட்டு. அதுல ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. அண்ணன் தட்டுல எல்லாம் ஒரே அளவு, அச்சுல வார்த்த மாதிரி!

மயில்வாகனம் ஒண்ணை எடுத்து டீயில முக்கித் தின்னான். இன்னொண்ணு எடுத்தான். ஆனா விடுவானா அவன்?

"அப்ப, பரோட்டா கையை ஒருவழியா மறந்தாச்சு. அப்படித்தானண்ணே?"

அண்ணன் தலையைக் குனிஞ்சாரு.

பிலோமினா மாஸ்டர் தட்டை நேரா வச்சுக்கிட்டே சொன்னாங்க:

"அந்தக் கையை மறந்த அன்னைக்கு அண்ணனுக்கு இங்க வேலை இல்ல."