தவறியவர் சுமக்கும் குடம்

ஆற்றங்கரை மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் குரு மெய்யம்மை பாடத்தை மடமடவென்று சொல்லி முடிப்பார். கேட்டதைத் திருப்பிச் சொல்லத் தவறியவர், மறுநாள் விடியலில் ஆற்றிலிருந்து சமையலறைக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும்.

பெரும்பாலும் பூங்கோதைதான் சுமந்தாள்.

"இவ இருக்கறப்போ மடத்துக்கு மோட்டார் எதுக்கு?" என்பான் கூடப் படிக்கும் சாத்தப்பன். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவைப்பாள்.

நமக்கு இது ஆகாது, ஊருக்கே போய்விடலாம் என்று துணிமணியைக் கட்டிவைத்திருந்த நேரத்தில்தான் குரு கூப்பிட்டனுப்பினார். உளவியலாளர் ரெபேக்கா வரப்போகிறாராம்.

"என்னைச் சோதிக்கவா அம்மா?"

"ஆமா. உனக்குச் சம்மதம்னா."

"எதுக்கு? ஒரு பேர் வச்சு நெத்தியில ஒட்டறதுக்கா? யாரையும் பேர் வச்சுப் பார்க்காதீங்கன்னு பாடம் நடத்தினதே நீங்கதானே!"

"நடத்தினேன். ஆனா உனக்கு ஏற்கெனவே ஒரு பேர் வச்சாச்சே."

"என்ன பேர்?"

"கவனமில்லாதவ. அதை மட்டும் சோதிச்சுப் பார்த்தா வச்சேன்?"

பூங்கோதை கோபத்தோடேயே சம்மதித்தாள்.

ரெபேக்கா வந்து, காலைப் பாடம் முடிந்ததிலிருந்து பகல் முழுக்க அவளோடு உட்கார்ந்தார். கதை சொல்லித் திருப்பிக் கேட்டார். அப்புறம் எழுதிக்கொடுத்துக் கேட்டார். எப்போது தலை கனக்கிறது, எப்போது தெளிகிறது என்று விசாரித்தார். மாலையில் குருவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"இவங்களுக்குப் புரியறதுல ஒரு குறையும் இல்ல. காதுல விழறது மனசுல தங்கறதுக்குள்ள அடுத்தது வந்து தள்ளிடுது. அதையே எழுத்தாப் பார்த்தா அப்படியே பிடிச்சுக்கறாங்க. இதுக்கு ஒரு பேரும் இருக்கு, விளக்கமாச் சொல்றேன். முதல்ல பாடத்தை எழுதிக் கொடுங்க. பதில் சொல்ல நேரம் கொடுங்க."

"அப்போ நான் கவனிக்காம இருக்கலையா?" என்றாள் பூங்கோதை.

"மத்தவங்களைவிட அதிகமாக் கவனிச்சிருக்கீங்க. அதான் இவ்வளவு களைப்பு."



அன்று காலைப் பாடத்திலும் அவள் தவறியிருந்தாள். அதனால் மறுநாள் விடியலில் குடத்தை எடுக்கப் போனாள். குடம் இல்லை. படித்துறைக்கு ஓடினாள்.

நனைந்த சேலையும் இடுப்பில் குடமுமாகக் குரு படியேறி வந்துகொண்டிருந்தார்.

"ஐயோ, குடுங்கம்மா! நேத்துத் தவறினது நான்."

குரு குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"அதான் சோதிச்சுப் பார்த்தாச்சே, தவறினது யாருன்னு. வழியை விடு. எனக்கு இன்னும் நிறையக் குடம் பாக்கி இருக்கு."