யாளி மோதிரமும் தண்ணீர் ஓடமும்

இந்தக் கதை எனக்கு நேராக வந்ததல்ல. பேருந்தில் முன் இருக்கையில் இருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். பின்னால் இருந்து கேட்டேன். பெயர்களில் பிழை இருந்தால் அது என் காதின் பிழை.

முன்னொரு காலத்தில் பொன்வயல் என்ற நாட்டைக் கோதைமாறன் என்ற அரசன் ஆண்டுவந்தான். ஆண்டு பிறந்ததும் எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று எழுதிய ஓலையில் அவன் தன் மோதிரத்தை வைத்து அழுத்துவான். அதற்குப் பிறகுதான் கருவூலம் திறக்கும். அந்த ஆண்டு யாளி உருவம் பொறித்த புது மோதிரம் செய்யச் சொன்னான். வந்ததும் முகத்தைச் சுளித்தான்.

"இது யாளியா, எலியா? திருத்திக் கொண்டுவரட்டும். அதுவரை நான் எதிலும் முத்திரை வைக்கமாட்டேன்!"

தட்டான் திருத்தினான். மறுபடியும் எலிதான் தெரிந்தது. நாடு நிற்க முடியுமா? கருவூலத் தலைவர் பூவராகர் ஓர் இடைக்காலக் கட்டளை எழுதினார். 'முத்திரை விழும்வரை, போன ஆண்டு எதற்கு எவ்வளவோ, இந்த ஆண்டும் அதற்கு அவ்வளவே. புதிய செலவு கூடாது. ஒன்றுக்கு ஒதுக்கியதை இன்னொன்றுக்கு எடுக்கக் கூடாது.' அரசன் "பலே!" என்றான். அந்த ஒரு சொல்லை அசைபோட்டபடியே பூவராகர் நாட்களை ஓட்டினார்.

போன ஆண்டு கடும் வறட்சி. ஆற்றின் நடுத்திட்டில் இருந்த எல்லைக் கோட்டைக்கு, காய்ந்த மணல்வழியே வண்டியில் குடிநீர் போயிற்று. இந்த ஆண்டோ பேய்மழை. கோட்டையைச் சுற்றி வெள்ளம். படைச் செலவைப் பார்த்துவந்த அமைச்சர் தத்தனார் சபையில் எழுந்தார்.

"பூவராகரே, தண்ணீர் வண்டிக்கு உள்ள பணத்தில் ஓடங்கள் வாங்கிக்கொள்கிறேன்."

"போன வருஷம் ஓடம் உண்டா, அமைச்சரே?"

"போன வருஷம் ஓடம் விட்டிருந்தால் மணலில் தோளில் சுமந்துகொண்டுதான் போயிருக்க வேண்டும்."

சபை சிரித்தது. பூவராகருக்குச் சுருக்கென்றது. அரசன் தன் வெற்றிலைத் தட்டை நீட்டுவது எப்போதும் இந்தத் தத்தனாருக்குத்தான்.

"கட்டளை கட்டளைதான். கோட்டையே மிதந்தாலும் அதற்குத் தண்ணீர் வண்டிதான் போகும்!"

இப்போது சபை அவருக்காகச் சிரித்தது. அந்தச் சிரிப்பு இனித்தது. அவருடைய தம்பி கேசவன் அதே கோட்டையில்தான் காவல் இருந்தான். அது நினைவுக்கு வராமல் இல்லை. 'மழை நின்றுவிடும்' என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

மழை நிற்கவில்லை. சில நாட்களில் பூவராகருக்கு ஒரு செய்தி வந்தது. கேட்டதும் மேல்துண்டைக்கூடச் சரிசெய்யாமல் சபைக்கு ஓடினார்.

"அரசே! தத்தனார் தங்கள் கட்டளையை மீறிவிட்டார். படைப் பணத்தில் ஓடங்கள் ஓடுகின்றன!"

"என்ன தத்தனாரே?"

"நான் தண்ணீர்தான் அனுப்பினேன், அரசே. கட்டளையோடு உள்ள போன ஆண்டுச் செலவுப் பட்டியலில், கோட்டைத் தண்ணீர் பற்றிய வரியைப் பூவராகர் வாசிக்கட்டும்."

பூவராகர் வாசித்தார். "கோட்டை வீரர்களுக்குக் குடிநீர் கொண்டுசேர்க்கும் செலவு..." குரல் பாதியில் இறங்கியது.

"எதில் கொண்டுசேர்க்க என்று இருக்கிறது?"

எதில் என்று எழுதவே இல்லை. அரசன் தொடையில் தட்டிச் சிரித்தான். "வெள்ளத்தில் நிற்கிறவனுக்குக் குடம் குடமாய்த் தண்ணீரா! சரியான தந்திரம்!"

"தந்திரம் ஓடத்தில் மட்டும்தான், அரசே" என்றார் தத்தனார். அதை யாரும் கவனிக்கவில்லை.

பூவராகர் விடவில்லை. "திரும்பும்போது அந்த ஓடங்களில் ஆட்கள் வந்திருக்கிறார்கள். அதற்கு எந்த வரி?"

"நோயாளிகள். வண்டி வெறுமனே திரும்பும், ஓடமும் அப்படித் திரும்புவானேன்?"

"யாராக இருந்தால் என்ன? போன வருஷம் யாரும் அப்படி வரவில்லை. திருப்பி அனுப்புங்கள்!"

"அவர்கள் வாசலில்தான் இருக்கிறார்கள். நீங்களே சொல்லிவிடுங்கள்."

கதவு திறந்தது. முதல் கட்டிலில், நனைந்த கம்பளிக்குள், கண் குழிந்த ஒருவன் கிடந்தான்.

"அண்ணா... திருப்பி அனுப்பச் சொன்ன குரல் உன் குரல் மாதிரி இருந்தது. காய்ச்சலில் காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது."

பூவராகர் கையிலிருந்த கட்டளை ஓலையைச் சுருட்டினார். சபை முழுவதும் தரையைப் பார்த்தது. அரசனும் தன் வெறும் விரலைப் பார்த்துக்கொண்டான். பிறகு மெல்லச் சொன்னான்.

"அந்த எலி மோதிரத்தைக் கொண்டு வாருங்கள்."

ஆண்டுச் செலவு ஓலையில் அழுத்தினான். அச்சு நன்றாகவே விழுந்தது.

"இனி என் முத்திரை எப்போது தாமதித்தாலும், படைக்குள் ஒரு செலவை இன்னொன்றுக்கு மாற்றத் தத்தனாருக்கு உரிமை உண்டு. மாற்றியதைச் சபையில் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான்." வெற்றிலைத் தட்டைத் தத்தனார் பக்கம் நகர்த்தினான். "பூவராகரே, அடுத்த தண்ணீர் ஓடத்தில் குடத்தைப் பிடித்துக்கொண்டு நீங்கள் போங்கள்."

போனார். வழியெல்லாம் எங்கும் தண்ணீர். கோட்டைப் படியில் ஓடம் முட்டியதும், இடுப்பளவு வெள்ளத்தில் நின்ற வீரர்கள் கை நீட்டினார்கள். சிரிப்பார்கள் என்று அவர் காத்திருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. குடத்தை வாங்கி, மாற்றி மாற்றிக் குடித்தார்கள். ஒரு முதிய வீரர் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இன்னொரு குடம் இருக்கிறதா, ஐயா?"

தாம் சபையில் வேடிக்கையாகச் சொன்ன தண்ணீர் இவர்களுக்கு உண்மையிலேயே உயிர் என்பது அப்போதுதான் பூவராகருக்குப் புரிந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த குடத்தை எடுத்தார்.

பேருந்தில் கதை இதோடு முடிந்தது. சுற்றிலும் தண்ணீர் இருக்க அவர்களுக்கு அப்படித் தாகம் இருந்திருக்குமா என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பின்னர் ஒரு சுகாதார ஆய்வாளரிடம் கேட்டேன். வெள்ளத்தில் சாக்கடையும் கலந்திருக்கும், அது புகுந்த கிணற்று நீரைக்கூடச் சுத்தம் செய்து குளோரின் போடாமல் குடிக்கக் கூடாது என்றார். வெள்ளம் சூழ்ந்த இடத்துக்கு முதலில் அனுப்ப வேண்டியவற்றில் குடிநீரும் ஒன்றாம்.